வலது கையை நீட்டினார்

அத்தியாயம் 17

லீலாவைத் திட்டி மூன்று வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த புருஷனை நர்சிங் ஹோமில் சேர்க்க எப்படி மனசு வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மே மாதம் அந்தக் குளியலறையில் நடந்ததை ஒருமுறை நினைத்துக்கொண்டு திட்டுங்கள், அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தாறு வருஷம் வெல்டராக இருந்த மருதப்பன், மார்ச் மாதம் பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் போயிற்று, கூடவே பேச்சும் போயிற்று. ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். மூன்றாவது வாரம் குளியலறையில் வழுக்கினார். தாங்கிப் பிடிக்கப் போன மனைவி லீலா அவருக்கு அடியில் சிக்கிக்கொண்டாள். அவர் எண்பத்திரண்டு கிலோ. மறுபடியும் மருத்துவமனைக்குப் போனவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவளுக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகி, இன்றைக்கும் குனிந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியாது. ஏற்பாடு செய்த பணிப்பெண் அவர் எடையைக் கேட்டுவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டாள்.

அதனால்தான் ஹோம். ஈசூன் நர்சிங் ஹோமில் ஓர் இடம் காலியாகிவிட்டது, வியாழக்கிழமை மூன்று மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று போன வாரம் ஃபோன் வந்தது. அப்பாவிடம் இதை யார் சொல்வது என்று வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, "நான் சொல்லிக்கிறேம்மா" என்று மகன் ரமணன் பொறுப்பெடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லியும் விட்டான். அப்பா ஒத்துக்கொண்டார் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு வீடியோவும் அனுப்பினான்.

இன்று வியாழன்.

*

காலை ஒன்பதரைக்கு லீலா தேக்கா சந்தையின் மேல்மாடியில், கதீஜாவின் தையல் கடை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய துணிப்பை. ஏழு சட்டை, ஏழு கைலி.

ஹோமிலிருந்து வந்த பட்டியலில் முதல் வரியே அதுதான். ஒவ்வொரு துணியிலும் பெயர் தைத்திருக்க வேண்டும். அங்கே எல்லோர் துணியும் ஒன்றாகத்தான் துவைக்கப்படும். பெயர் இல்லாவிட்டால் யாருடைய சட்டையோ யார் உடம்பிலோ ஏறிவிடும்.

கதீஜா வெள்ளை நாடாவில் மருதப்பன் என்று ஆங்கில எழுத்தில் தைத்து, ஒவ்வொரு சட்டையாகக் கழுத்துப்பட்டியின் உள்பக்கம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாகப் பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குத்தான் அவள் இப்படிப் பெயர் தைப்பாள். லீலாவின் ரவிக்கைகளை எட்டு வருஷமாகத் தைக்கிறவள், விஷயம் தெரிந்தவள்.

லீலா ஃபோனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டாள். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் சத்தத்தை முழுக்கக் குறைத்துக்கொண்டாள். ஞாயிறிலிருந்து எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பத்தொன்பது வினாடிதான். மருதப்பன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ரமணன் இடது கையில் ஃபோனைப் பிடித்துப் படம் எடுத்தபடி ஏதோ சொல்கிறான். அவர் வலது கையை நீட்டுகிறார். மூன்று மாதமாக மடியில் மரக்கட்டையாகக் கிடந்த கை. ரமணனின் கை வந்து அதில் அடிக்கிறது. "ஹை ஃபைவ்ப்பா! ரைட் ஹேண்ட்!" என்று அவன் கத்துவதோடு முடிகிறது.

குடும்ப வாட்ஸப்பில் அன்றைக்கு ஒரே இதயமாகக் கொட்டியது. பேத்தி ரக்ஷனா ஆடுகிற பூனையைப் போட்டாள். லீலாவுக்கு அவர் அந்தக் கையைத் தூக்கியதைவிட, ஒத்துக்கொண்டார் என்பதுதான் பெரிதாக இருந்தது. ஹோமுக்குப் போகச் சம்மதித்துவிட்டார், கோபம் இல்லை, மகன் கையில் கை அடித்து அனுப்பி வைத்திருக்கிறார். அந்த ஒரு நினைப்பில்தான் நான்கு நாளாக அவள் தூங்கினாள். தூங்கியதற்காக வெட்கமும் பட்டாள்.

கத்தரிக்கோலுக்காக எட்டிய கதீஜாவின் கண் ஃபோனில் விழுந்தது.

"தம்பி என்னக்கா சத்தியம் பண்ணிக் குடுக்குது?" என்று கேட்டாள்.

சத்தியம் இல்லை என்று லீலா சிரித்தபடி விளக்கினாள். ஆஸ்பத்திரியில் இது ஒரு பழக்கம். நோயாளி ஒரு அடி எடுத்து வைத்தாலும், ஒரு கரண்டி தானாகச் சாப்பிட்டாலும், உடனே ஹை ஃபைவ் என்று கையை அடித்துச் சந்தோஷப்படுத்துவார்கள். அந்த வார்டில் நாள் முழுக்க யாராவது யார் கையையாவது அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

"அதுக்குக் கைய மேல தூக்கித்தானே காட்டுவாங்க? அண்ணன் மல்லாத்தி நீட்டுறாரே," என்றாள் கதீஜா. நூலை வெட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

லீலா திரும்பவும் வீடியோவைப் போட்டாள்.

சத்தம் இல்லாமல், கையை மட்டும் கவனித்தபோது அது வேறு படமாக இருந்தது. மருதப்பன் முதலில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடிக்கிறார். தூக்கி முட்டியின் மேல் வைக்கிறார். மடங்கிக் கிடக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுகிறார். உள்ளங்கை மேலே பார்க்க, மெதுவாக மகன் பக்கம் தள்ளுகிறார். அப்புறம் அவன் முகத்தையே பார்க்கிறார். அடி விழுகிறது. அவர் சிரிக்கவில்லை. ஒருமுறை கண்ணை மூடித் திறக்கிறார். அவ்வளவுதான்.

இந்த முகத்தை லீலாவுக்குத் தெரியும். தொண்ணூற்றொன்றில் ஒரு காலை, குடியை விடுகிறேன் என்று அவள் உள்ளங்கையில் அவர் அடித்தபோது இதே முகம்தான். அதற்குப் பிறகு பட்டறை நண்பர்கள் வீட்டுக் கல்யாண விருந்துகளில்கூட ஒரு சொட்டு தொட்டதில்லை. எழுதிக் கையெழுத்துப் போடுவதிலெல்லாம் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கையில் அடித்தால் அடித்ததுதான். வாழ்நாளில் மூன்றோ நான்கோ தடவைதான் அதைச் செய்திருக்கிறார் அல்லது கேட்டிருக்கிறார்.

அவள் ஃபோனைக் காதோடு வைத்துச் சத்தத்தை ஏற்றினாள். அடிக்கு முன்னால் ரமணன் என்ன சொன்னான் என்பதை இத்தனை நாள் அவள் காதில் வாங்கியிருந்தாளே தவிர, கவனித்ததில்லை.

"தர்ஸ்டே ஹோமுக்குப் போறோம்பா. ஓகேவா?"

ஹோம்.

அந்த மனிதர் முப்பத்தாறு வருஷம் பட்டறையில் அந்த வார்த்தையைத்தான் தினமும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஷிஃப்ட் முடிந்தால் ஹோம். அவருக்கு அது ஒன்றே ஒன்றுதான். நான்காவது மாடி, லிஃப்டுக்குப் பக்கத்து வீடு, அவர் வெல்டிங் வைத்த ஜன்னல் கம்பி.

வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறான் மகன். அப்படியென்றால் அடித்துச் சொல் என்று கையை நீட்டியிருக்கிறார். அவனும் அடித்துவிட்டான்.

"மூணு சட்டை ஆயிருச்சுக்கா. மிச்சத்துக்கு அரை மணி நேரம்," என்றாள் கதீஜா.

லீலா நிறுத்தச் சொன்னாள். பெயர் தைத்த மூன்று சட்டையையும் தைக்காத நான்கையும் கைலிகளையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு, முதுகு வலிப்பதையும் பார்க்காமல் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.

*

மருத்துவமனைக்கு அவள் போய்ச் சேரும்போது பதினொன்றரை. நேராக வார்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். பிசியோதெரபிஸ்ட் ரமீஸ் அங்கே ஒரு சீனக் கிழவரை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடக்க வைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கலகலப்பான மனிதர். கிழவர் கடைசி அடி வைத்ததும் ரமீஸ் கையை உயர்த்தினார், கிழவர் பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டே அதில் அடித்தார்.

லீலா வீடியோவைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்ததில்லை. பார்த்து முடித்ததும் அவர் முகத்தில் சந்தோஷம்தான் முதலில் வந்தது, பிறகு யோசனை.

"ஆன்ட்டி, அங்கிள் எனக்கு எப்பவுமே லெஃப்ட் ஹேண்ட்தான் குடுப்பாரு," என்றார். "ரைட் ஹேண்ட ட்ரை பண்ணுங்கன்னு மூணு வாரமா கெஞ்சுறேன். மாட்டேன்னு தலையாட்டிடுவாரு. ஒரு நாள்கூடக் குடுத்ததில்ல லா."

ஏன் எல்லாவற்றுக்கும் கையை அடிக்கிறீர்கள் என்று லீலா கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பேச்சு போனவர்களிடம் "நல்லது, சபாஷ்" என்று எவ்வளவு சொன்னாலும் அது ஒரு பக்கத்துப் பேச்சாகவே நின்றுவிடுகிறது என்றார் ரமீஸ். கையை நீட்டினால் அவர்களும் திருப்பி ஏதாவது செய்ய முடிகிறது, அதற்குத்தான்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நாள் முழுக்க எல்லோரும் கொண்டாட்டத்துக்கு அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், ஒருவர் மட்டும் சத்தியத்துக்கு நீட்டினார் என்பதுதான் யார் கண்ணிலும் படவில்லை. நல்ல கையால் சத்தியம் வாங்கியிருக்கலாம். ஆனால் அது இடது கை. அந்தக் கையில் சத்தியம் வாங்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று வாரமாக ரமீஸ் கெஞ்சியும் தூக்காத கையை இதற்காகத் தூக்கியிருக்கிறார்.

லீலா துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போய் மருதப்பனைப் பார்த்தாள். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டு, இரண்டு காலிலும் செருப்போடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணியிலிருந்தே இப்படித்தான் என்று தாதி சொன்னாள். இந்த நான்கு நாளும் அங்கிள் சமத்தாகச் சாப்பிட்டாராம், பயிற்சிக்கு அவராகவே முந்திக்கொண்டாராம். பக்கத்துக் கட்டில்காரரின் மேசையில் மருதப்பனின் சின்ன ரேடியோ இருந்தது. காலையில் அவர்தான் கொடுத்துவிட்டாராம், இனிமேல் வேண்டாம் என்று கையைக் காட்டி.

அவர் லீலாவைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார். துணிப்பையைப் பார்த்தார். தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார், நான் தயார் என்கிற மாதிரி.

அவள் அவர் கழுத்துப் பித்தானைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். சொல்லத்தான் வாயெடுத்தாள், வரவில்லை. மூன்று மாதமாக அவருக்குப் பேச்சு வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அன்றைக்குத் தானும் ஊமையாக நின்றாள். கழிப்பறைக்குப் போய் மகனுக்கு ஃபோன் செய்தாள். உடனே வா என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

*

ரமணன் வரும்போது மணி ஒன்று. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் சூப்பர்வைசர். அரை நாள் லீவு போட்டிருந்தான். இரண்டரைக்கு வண்டி சொல்லியாயிற்று, ஈசூன் விலாசம் கொடுத்தாயிற்று என்று சொல்லிக்கொண்டேதான் லிஃப்டை விட்டு வெளியே வந்தான்.

லீலா அவனை வார்டுக்கு வெளியே நடைபாதையில் நிறுத்தினாள். சத்தம் இல்லாமல் வீடியோவைப் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"என்னம்மா? இது நான் அனுப்புனதுதானே," என்றான்.

"பாரு."

பார்த்தான். மறுபடி போட்டாள். மறுபடியும் பார்த்தான். இரண்டாவது தடவை முடிவதற்குள் அவன் முகம் மாறிவிட்டது.

"அம்மா, அது ஹை ஃபைவ் லா," என்றான். ஆனால் குரலில் பலம் இல்லை.

"நீ அடிச்சது ஹை ஃபைவ். அவரு வாங்குனது சத்தியம்," என்றாள் லீலா. "உனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாத. பதினெட்டு வயசுல இதே கையிலதான நீ அடிச்ச?"

அதுவும் உண்மைதான். ரமணனின் பாலிடெக்னிக் சிநேகிதன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டுச் செத்த வாரம், மருதப்பன் மகன் முன்னால் கையை நீட்டி, வண்டியைத் தொடமாட்டேன் என்று அடித்துச் சொல்லச் சொன்னார். அடித்தான். இருபது வருஷமாகிறது. இன்றைக்குவரை அவனிடம் பைக் லைசென்ஸ் கிடையாது. பின் இருக்கையில்கூட உட்கார்ந்ததில்லை.

ரமணன் சுவரில் சாய்ந்துகொண்டான். நர்சிங் ஹோம் என்று சொல்லத்தான் போனானாம். நர்சிங் என்பது தொண்டையிலேயே நின்றுவிட்டது, ஹோம் மட்டும்தான் வெளியே வந்தது. அப்பா வேறு மாதிரி எடுத்துக்கொள்வார் என்று அப்போதே ஒரு மூலையில் தோன்றியது. அதற்குள் கை வந்துவிட்டது. வலது கை. அந்தச் சந்தோஷத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"தோணுச்சா, தோணலையா?" என்று லீலா கேட்டாள்.

"தோணுச்சும்மா."

அவள் அவனைத் திட்டவில்லை. அவளும் அதே வார்த்தைக்குப் பின்னால்தானே மூன்று வாரமாக ஒளிந்துகொண்டிருக்கிறாள். போ, போய் முழுசாகச் சொல் என்றாள். வண்டி எந்தப் பக்கம் போனாலும் சரி, தெரியாமல் ஏற்றக் கூடாது.

*

மருதப்பன் மகனைப் பார்த்ததும் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். கிளம்பலாம்.

ரமணன் அவர் முன்னால் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தான். லீலா கட்டில் ஓரத்தில் நின்றாள். வழியனுப்ப வந்திருந்த ரமீஸ் திரைச்சீலையைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார்.

"அப்பா," என்றான் ரமணன். "நாம வீட்டுக்குப் போகல. ஈசூன்ல ஒரு நர்சிங் ஹோம். அத நான் சன்டே சரியாச் சொல்லல. வீடுன்னு நீங்க நெனச்சுக்கிட்டீங்க. நெனைக்க விட்டுட்டேன்."

மருதப்பன் அவனைப் பார்த்தார். லீலாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொள்ளாமல் நின்றாள், அது ஒன்றுதான் அப்போது அவளால் முடிந்தது. துணிப்பையிலிருந்து ஒரு சட்டைக் கழுத்து வெளியே எட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை நாடா, அதில் அவர் பெயர். அதையும் பார்த்தார்.

அவர் வாய் அசைந்தது. தினமும் அசைகிற மாதிரிதான் அசைந்தது, காற்றுதான் வரும் என்று எல்லோரும் பழகியிருந்தார்கள். இந்தத் தடவை சத்தம் வந்தது.

"அ... டிச்சே."

யாருக்கும் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. அவர் இடது கையால் தன் வலது உள்ளங்கையைத் தட்டிக் காட்டினார். மறுபடியும் சொன்னார். இந்த முறை தெளிவாக.

"நீ அடிச்சே."

பதினைந்து வாரத்தில் முதல் வார்த்தை. ரமீஸின் கை பழக்கத்தில் தானாக உயர்ந்தது. பாதியில் நின்று கீழே இறங்கியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரமணன் அப்பாவின் முட்டியில் நெற்றியை வைத்து அழுதான். முப்பத்தெட்டு வயது ஆள், வார்டில் ஆறு கட்டில்காரர்கள் பார்க்க, அழுதான். மருதப்பன் அவனைத் தொடவில்லை. கோபமாகவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று காத்திருந்தார்.

அழுது முடித்ததும் ரமணன் எழுந்து, ஹோமுக்கு ஃபோன் போட்டு இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றான். அப்பா வீட்டுக்கு வரட்டும், எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்றான். ஃபோனை எடுத்தும் விட்டான்.

"யாரு சமாளிக்கிறது?" என்று லீலா கேட்டாள்.

அவன் நின்றான்.

இந்த இடத்தில் லீலா அழுதுகொண்டே புருஷனைக் கட்டிக்கொள்வாள் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான். ஆனால் அவளுக்கு முதுகு வலித்தது. காலையிலிருந்து ரயிலிலும் படியிலும் அலைந்த வலி. அவருக்கு அடியில் ஈரத் தரையில் நாற்பது நிமிஷம் கிடந்ததும், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தியதும், எதுவும் அவள் மறந்துவிடவில்லை.

"சத்தியம் பண்ணுனது நீ," என்றாள். "நான் பண்ணல. என்னால அவரத் தூக்க முடியாது ரமணா. முடியும்னு சொன்னா அது பொய். இன்னொரு தடவ அவரு விழுந்தா ரெண்டு பேரும் போயிடுவோம். அவரு வீட்டுக்கு வரணும்னா நீயும் வரணும். இன்னைக்கே. வந்து பாத்துட்டுப் போறதுக்கு இல்ல, அங்கயே இருக்குறதுக்கு."

மருதப்பனுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் லீலாவைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது. தன்னால் அவளுக்கு ஆனதை அவர் அறிவார். அதைச் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. இருந்த ஒரே வார்த்தையை மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

பொங்கோலில் ரமணனின் வீடு, மனைவி வைஷாலி, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிற ரக்ஷனா. தினம் ராத்திரி அவன்தான் அவளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். எல்லாம் அவன் கண் முன்னால் வந்து போனது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வினாடியில் அடித்த கை. இன்றைக்குச் சரி என்று ஒரு சொல் சொல்ல ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"வரேம்மா," என்றான்.

அதற்கப்புறம் வேலைகள் வேகமாக நடந்தன. நல்லது நடக்கும்போதும் படிவம் படிவம்தான். டாக்டர் வந்தார், சமூக ஊழியர் வந்தார். வீட்டில் அவரைத் தூக்கப் பயிற்சி பெற்றவர் யார் என்று கேட்டார்கள். ரமணன் தன் பெயரை எழுதினான். ரமீஸ் அவனைப் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்தார். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முட்டியை முட்டியோடு வைத்து, மார்போடு மார்பு சேர்த்து, இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டி, ஒன்று இரண்டு மூன்று என்று சேர்ந்தே எழ வேண்டும்.

முதல் தடவை மருதப்பன் சரிந்தார், ரமீஸ் தாங்கினார். இரண்டாவது தடவையும் சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை எழுந்து நின்றார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து ரமணன் அப்பாவை இப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அவர் தாடை அவன் தோளில் இருந்தது, மூச்சு காதில் பட்டது. அங்கே யாரும் கையை அடிக்கவில்லை.

வண்டி மூன்றேகாலுக்குத்தான் வந்தது. டிரைவர் கையில் ஈசூன் விலாசம் இருந்தது. லீலா அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் செம்பவாங் பிளாக் எண்ணைச் சொன்னாள். கூட எத்தனை பேர் என்று டிரைவர் கேட்டார், இரண்டு பேர் என்றாள்.

மருதப்பனின் நாற்காலியைப் பின்பக்கம் ஏற்றிப் பூட்டிக்கொண்டிருக்கும்போது ரமணனின் ஃபோன் அடித்தது. வைஷாலி. அவன் இரண்டடி தள்ளிப் போய் எடுத்தான். மாமாவைச் சேர்த்தாச்சா, ஹோமில் எல்லாம் சரியாக இருக்கிறதா, ரக்ஷனா கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அவள் கேட்டாள்.

"இன்னைக்கு வரல, வைஷாலி," என்றான். "அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். நான் அங்க இருக்கணும்."

சரி, இன்றைக்குக் கணக்கை நான் சொல்லிக் கொடுக்கிறேன், நாளைக்கு வந்துவிடுங்கள் என்றாள் அவள்.

"இன்னைக்கு மட்டும் இல்ல."

வண்டிக்குள்ளிருந்து லீலா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் கதவைச் சாத்தக் காத்திருந்தார்.

"நான், ரக்ஷனா, எங்க ரெண்டு பேர்ல யாரக் கேட்டு முடிவு பண்ணுனீங்க?" என்றாள் வைஷாலி. கோபமாகக் கேட்கவில்லை. அவன் சொன்னது புரியாததுபோல, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ரமணன் ஃபோனைக் காதில் வைத்தபடியே வண்டியில் ஏறி, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.